ஃபிளைவீல்: மாத்துறதா, ஃபேசிங் போட்டு ஓட்டுறதா?

#1 திருமங்கலத்தான்

வண்டி 2 லிட்டர் டீசல், ஃப்ரண்ட் வீல் டிரைவ், ஆறு கியர், 1,40,000 கி.மீ. தாண்டியிருக்கு. எஞ்சினை ஆஃப் பண்றப்ப கடைசியா நிக்கிற நேரத்துல கடகடன்னு ஒரு சத்தம். காலையில முதல் ஸ்டார்ட்லயும் அதே. வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏத்தத்துல நாலாவது கியர்ல மிதிச்சா ஆர்.பி.எம். ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குது. கிளட்ச் போயிருச்சுன்னு தெரியுது. எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவுல சுத்துற கனத்த சக்கரம் இருக்கே, அந்த ஃபிளைவீல்லதான் குழப்பம். பட்டறையில ஒருத்தர் லேத்துல ஒரு ஃபேசிங் போட்டா, அதாவது முகத்தைக் கடைஞ்சு சமமாக்கினா போதும்ங்கிறார். இன்னொருத்தர் இது டூயல் மாஸ், மொத்தமா மாத்தணும்ங்கிறார். விலை கேட்டா கிளட்ச் செட்டை விட ஃபிளைவீல் கூட. சிங்கிள் மாஸ் போட்டுக்கலாம்னு மூணாவதா ஒரு யோசனையும் வருது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

#2 ஒத்தக்கடை டீசல்

டூயல் மாஸா இருந்தா லேத்துப் பேச்சே கிடையாது. அதோட கிளட்ச் உரசுற முகத்தைக் கடையக் கூடாதுன்னு தயாரிக்கிறவங்களே எழுதி வச்சிருக்காங்க.

சிங்கிள் மாஸ்னா ஒரே கட்டி இரும்பு, சுத்தி செல்ஃப் மோட்டார் கடிக்கிற ரிங் கியர், அவ்வளவுதான். டூயல் மாஸ்ல ரெண்டு தட்டு. எஞ்சினோட கிராங்க் ஷாஃப்ட்ல போல்ட் ஆகுறது ஒண்ணு, கிளட்ச் உட்கார்றது இன்னொண்ணு. நடுவுல கிரீஸ்ல ஊறிக்கிட்டு வளைஞ்ச நீள ஸ்பிரிங்குகள். டீசல் எஞ்சின் ஒவ்வொரு ஃபயரிங்குக்கும் கிராங்கை ஒரு உதை உதைக்கும். அந்த உதை கியர் பாக்ஸுக்குப் போகாம ஸ்பிரிங் வாங்கிக்கும். 1985-ல லுக் கம்பெனி இதை முதல்முதலா பெரிய அளவுல செஞ்சு விட்டாங்க. இன்னைக்கு ஷாஃப்லர் குழுமத்துல இருக்கிற அந்தக் கம்பெனிக்கு நம்ம ஓசூர்லயே ஆலை இருக்கு. அதனால இது ஏதோ வெளிநாட்டு அதிசயம்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க.

ஆஃப் பண்ணும்போது வர்ற கடகட சத்தம் டூயல் மாஸ் தேய்மானத்தோட நேர் அடையாளம். ஆனா அதை மட்டும் வச்சு முடிவு பண்ண வேண்டாம். நியூட்ரல்ல ஐடில் விட்டு கிளட்ச்சை மிதிங்க. மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தா, கிளட்ச்சைத் தள்ளிப் பிரிக்கிற ரிலீஸ் பேரிங். மிதிச்சதும் சத்தம் சுத்தமா நின்னா கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கையும் சந்தேகப்படணும். எஞ்சின் மவுன்ட் கிழிஞ்சிருந்தாலும் ஆஃப் பண்றப்ப ஒரு உதறல் வரும். கியர் பாக்ஸை இறக்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பார்த்துருங்க.

இறக்கின பிறகு பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கிற கியர் பாக்ஸ் கூடு) உள்ள பாருங்க. கறுப்பு கிரீஸ் சுத்திலும் தெறிச்சிருந்தா அந்த டூயல் மாஸ் முடிஞ்சது. தெறிப்பு இல்லன்னா பின் தட்டை ரெண்டு கையாலயும் புடிச்சு இடம் வலமா திருப்பணும். ஸ்பிரிங் பிடிக்கிற வரைக்கும் ஒரு சும்மா ஆட்டம் இருக்கும், அப்புறம் இறுக்கம் வரும். அந்த ஆட்டம் எத்தனை டிகிரி வரைக்கும் சரி, தட்டு எத்தனை மி.மீ. சாயலாம்ங்கிறது பார்ட் நம்பருக்குப் பார்ட் நம்பர் மாறும். கம்பெனி அட்டவணையில பார்க்கணும். "கையில ஆடுது, அதனால போச்சு"ன்னு சொல்றதும் தப்பு, "ஆடத்தான் செய்யும்"னு விடுறதும் தப்பு.

#3 புதூர் லேத்து

அண்ணன் சொன்னது சரி. டூயல் மாஸைக் கொண்டாந்தா வாங்க மாட்டோம். ஆனா சிங்கிள் மாஸைத் தூக்கிப் போடச் சொல்றவங்க கிட்ட எனக்கு சண்டை இருக்கு. நல்லாக் கடைஞ்சா இன்னொரு கிளட்ச் ஆயுசு வரும்.

அதுல மூணு விஷயம் பார்க்கணும். முகத்துல நீலமா திட்டுத் திட்டா இருக்கிறது வெறும் கறை இல்ல. கிளட்ச் சறுக்கி அந்த இடம் பழுக்கச் சூடாகி ஆறினதுல இரும்பே இறுகிப் போயிருக்கு. லேத்து டூல் அங்க வந்தா வெட்டாம ஏறி இறங்கும். கண்ணுக்கு சமமாத் தெரியும். கிளட்ச் போட்டு ஓட்டினா அந்தத் திட்டு மேடா நின்னு முதல் கியர்ல வண்டி தடதடன்னு நடுங்கும். அதனால நீலத் திட்டு இருந்தா கடைசல் வேண்டாம், சர்ஃபேஸ் கிரைண்டிங் தான். கிரைண்ட் பண்ணியும் நீலம் ஆழமாப் போயிக்கிட்டே இருந்தா வேலையை நிறுத்திப்புட்டு புதுசு வாங்கச் சொல்லிருவோம்.

அடுத்தது வெடிப்பு. மயிர் மாதிரி மேலாக்க இருக்கிற கீறல் கிரைண்டிங்ல போயிரும். போல்ட் ஓட்டையைத் தொடுற மாதிரியோ, வெளி ஓரம் வரைக்கும் ஓடுற மாதிரியோ வெடிப்பு இருந்தா பேசவே வேண்டாம், காயலான் கடைதான். 5,000 ஆர்.பி.எம்.-ல அது உடைஞ்சா பெல் ஹவுசிங்கைப் பொத்துக்கிட்டு வெளிய வரும்.

மூணாவதுதான் நிறைய பட்டறைகள்ல கோட்டை விடுறது. சில ஃபிளைவீல்ல உராய்வு முகம் ஒரு மட்டம், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் புடிக்கிற பிரஷர் பிளேட் போல்ட் ஆகுற ஓரம் வேற மட்டம். நடுவுல ஒரு படி இருக்கும். முகத்துல 0.5 மி.மீ. எடுத்தா ஓரத்துலயும் அதே 0.5 எடுக்கணும். முகத்தை மட்டும் எடுத்தா படி ஆழமாயிரும், பிரஷர் பிளேட்டோட டயாஃப்ரம் ஸ்பிரிங் அழுத்தம் குறையும், புது கிளட்ச்சும் சறுக்கும். அப்புறம் கிளட்ச் செட் டூப்ளிகேட்டுன்னு கடைக்காரன் மேல பாய்வாங்க. படியோட அளவு மேனுவல்ல இருக்கும். கொண்டாரப்பவே எழுதிக் கொண்டாங்க.

#4 திருமங்கலத்தான்

பிரிக்காமலே என் வண்டியில எது இருக்குன்னு தெரிஞ்சுக்க வழி இருக்காண்ணே?

#5 வடக்கு வெளி வீதி

சேசிஸ் நம்பரைக் கொடுத்து கம்பெனி பார்ட்ஸ் கேட்டலாக்ல பார்க்கிறதுதான் உறுதி. ஒரே மாடல்ல வருஷத்துக்கு வருஷம், பவருக்குப் பவர் மாறியிருக்கும். பெயரைச் சொல்லி ஆர்டர் கொடுத்தா ரிட்டர்ன்தான் ஆகும். பழைய கிளட்ச் பிளேட் கைக்குக் கிடைச்சா அதுவும் ஒரு குறிப்பு: நடுவுல சுருள் ஸ்பிரிங் இருந்தா பெரும்பாலும் சிங்கிள் மாஸ், ஸ்பிரிங் இல்லாம வெறும் தட்டா இருந்தா டூயல் மாஸ். பெரும்பாலும்னு சொல்றேன், விதிவிலக்கு உண்டு.

வாங்கும்போது டப்பா சீலைப் பாருங்க. அதை விட முக்கியம், ஃபிளைவீல் போல்ட் செட்டும் கிராங்க் பின் சீலும் சேர்த்து வாங்குறது. இது ரெண்டும் இல்லாம ஃபிளைவீல் மட்டும் வாங்கிட்டுப் போறவங்கதான் பாதி. டூயல் மாஸ் கீழ விழுந்திருந்தா டப்பா நசுங்கியிருக்கும். அப்படிப்பட்டதை எடுக்காதீங்க. கீழ போட்டதை மாட்டக் கூடாதுங்கிறது கம்பெனி விதி.

#6 பழைய பெட்ரோல்

இடையில ஒரு கேள்வி. இது சின்ன 4 சிலிண்டர் பெட்ரோல் கார். செல்ஃப் அடிச்சா சில நேரம் கர்ருனு அரைச்சுட்டு சும்மா சுத்துது. கியர்ல போட்டு வண்டியைக் கொஞ்சம் நகட்டிட்டு அடிச்சா புடிச்சுக்குது. செல்ஃப் மோட்டார் சர்வீஸ் பண்ணியாச்சு, அதுல ரிங் பல்லைக் கடிக்கிற பெண்டிக்ஸும் புதுசு. ஃபிளைவீல் மாத்தணுமா?

#7 புதூர் லேத்து

ரிங் பல் தேஞ்சிருக்கு. நகட்டினா புடிக்குதுன்னா அதுவே சாட்சி. 4 சிலிண்டர் எஞ்சின் ஆஃப் ஆகும்போது கம்ப்ரஷன்ல முட்டி எப்பவும் எதிரெதிரா ரெண்டு இடத்துலதான் நிக்கும். 3 சிலிண்டர்னா மூணு இடம். செல்ஃப் பினியன் அடிக்கிற அடி எல்லாம் அந்தப் பல்லுலயே விழும். மத்த பல்லு புதுசு மாதிரி இருக்கும்.

சிங்கிள் மாஸ்ல ரிங் மட்டும் தனியா மாத்தலாம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுறது பார்த்திருப்பீங்க, சூடு பண்ணி விரியவிட்டு இறக்கி ஆறவிடுறது. அதே வேலை. பழைய ரிங்கை ரெண்டு பல்லுக்கு நடுவுல ட்ரில் போட்டு, உளி வச்சு ஒரு அடி அடிச்சா விட்டுரும். ட்ரில் ஃபிளைவீல் மேல பாயக் கூடாது. புது ரிங்கை 200-லருந்து 230 டிகிரி வரைக்கும் சுத்திலும் ஒரே சீரா சூடாக்கணும். அடுப்பு இருந்தா உத்தமம். கேஸ் டார்ச்சுல ஒரே இடத்துல காட்டினா பல்லு நீலமாயிரும். நீலமான பல்லு இறுக்கம் போன பல்லு, சீக்கிரம் தேஞ்சுரும். இளமஞ்சள் நிறம் வந்ததும் எடுத்து இறக்கிரணும். பல்லோட சரிவு வெட்டு செல்ஃப் பினியன் வர்ற பக்கம் பார்த்து இருக்கணும். இறங்கினதும் சுத்திலும் தோள்ல முட்டியிருக்கான்னு ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க. தண்ணி ஊத்தாதீங்க, தானா ஆறட்டும்.

#8 மேலூர் ரோடு

பழைய மெக்கானிக்குகள் ரிங்கைக் கழட்டி கால் சுத்து திருப்பிப் போடுவாங்களே, அது சரிவருமா?

#9 புதூர் லேத்து

4 சிலிண்டருக்கு 90 டிகிரி திருப்பினா தேயாத பல்லு அடிவாங்குற இடத்துக்கு வரும். கணக்கு சரிதான். ரிங்கை உடைக்காம சூடு பண்ணித்தான் எடுக்கணும். ஆனா ரெண்டாவது தடவை இறக்குற ரிங்கோட பிடிமானத்தை நம்ப மாட்டேன். புது ரிங்குக்குப் பெரிய காசு ஆகாது. கியர் பாக்ஸ் இறக்கி ஏத்துற கூலிதான் கூட. அந்தக் கூலியை மறுபடி கொடுக்க யாருக்கும் ஆசை இருக்காதுல்ல. கவுத்திப் போடுறது கூடவே கூடாது, சரிவு வெட்டு தப்புப் பக்கம் போயிரும்.

#10 மேலூர் ரோடு

நன்றிண்ணே. இப்ப சிங்கிள் மாஸ் மாத்துற பேச்சுக்கு வருவோம். டாக்ஸிக்காரங்க நிறைய பேர் பண்றாங்க, ஓடத்தான் செய்யுது. எதுக்கு டூயல் மாஸுக்கு அவ்வளவு காசு?

#11 ஒத்தக்கடை டீசல்

ஓடும். எப்படி ஓடும்கிறதுதான் கேள்வி. டூயல் மாஸ் ஸ்பிரிங் நிறைய டிகிரி சுருங்கி விரியும். சிங்கிள் மாஸ் போட்டா அந்த வேலை முழுக்க கிளட்ச் பிளேட்டுல இருக்கிற சின்ன ஸ்பிரிங் தலையில விழும். அது அவ்வளவு வாங்காது. மீதி உதை கியர் பாக்ஸுக்குப் போகும். ஐடில்ல கியர் பல்லு கலகலக்கும், 1,500 ஆர்.பி.எம். பக்கம் வண்டித் தரையில ஒரு முனகல் வரும். சத்தம் மட்டும்னா பொறுத்துக்கலாம். கியர் பாக்ஸ் உள்ள இருக்கிற சிங்க்ரோ ரிங், இன்புட் ஷாஃப்ட் எல்லாம் இந்த உதையைக் கணக்குல வச்சு செஞ்சது இல்ல. டார்க் (திருப்பு விசை) குறைவான சின்ன டீசலுக்கு, வேலியோ மாதிரி கம்பெனிகள் அந்த வண்டிக்குன்னே விக்கிற முழு கிட் கிடைச்சா, ஹைவேயில மட்டும் ஓடுற வண்டிக்கு அதை ஒத்துக்கிறேன். ஃபிளைவீல் ஒரு வண்டியோடது, பிளேட் இன்னொரு வண்டியோடதுன்னு சேர்த்துக் கட்டுற வேலைக்கு ஒத்துக்க மாட்டேன். திருமங்கலத்தாரோட 2 லிட்டர் ஆறு கியருக்கு டூயல் மாஸே போடுங்க.

அதை விட முக்கியமா, இந்த ஃபிளைவீல் ஏன் போச்சுன்னு கண்டுபிடிக்காம புதுசை மாட்டாதீங்க. டூயல் மாஸ் அதிகமா அதிர்ற வேகம் ஐடிலுக்குக் கீழ இருக்கும். ஒவ்வொரு ஸ்டார்ட்லயும் ஆஃப்லயும் அதைத் தாண்டித்தான் ஆகணும். பேட்டரி வீக்கா, செல்ஃப் மெதுவா இழுத்தா, அந்த இடத்துலயே எஞ்சின் தத்தளிக்கும். ஸ்பிரிங் முட்டு முட்டுன்னு முட்டும். மதுரை வெயில்ல பேட்டரி எவ்வளவு சீக்கிரம் படுக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. அப்புறம் இன்ஜெக்டர். ஸ்கேனர் மாட்டி ஐடில்ல நாலு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக் குறைக்கிற கரெக்‌ஷன் அளவைப் பாருங்க. ஒண்ணு மட்டும் தனியா விலகி நின்னா, எஞ்சின் நொண்டி நொண்டி ஓடுது, அந்த நொண்டல் முழுக்க ஃபிளைவீல் ஸ்பிரிங்குக்குத்தான். மூணாவது டிரைவர் பழக்கம்: 1,200 ஆர்.பி.எம்.-ல அஞ்சாவது கியர் போட்டு ஆக்சிலரேட்டரை முழுசா மிதிக்கிறது. டீசல் மிச்சம்னு நினைச்சுப் பண்றாங்க. கியரைக் குறைச்சு ஏத்துங்க.

கோரிப்பாளையம் மாதிரி நெரிசல்ல ஹாஃப் கிளட்ச்லயே தொங்கவிடுறதும் சேரும். கிளட்ச் சறுக்குற சூடு உள்ள இருக்கிற கிரீஸையும் கெடுக்கும். சித்திரைத் திருவிழா நேரத்துல டவுனுக்குள்ள வண்டி எடுக்கிறவங்க ஹேண்ட் பிரேக் போடப் பழகணும்.

#12 திருமங்கலத்தான்

தெளிவா இருக்குண்ணே. எங்க பட்டறை மெக்கானிக் நல்லவர், டூயல் மாஸ் அதிகம் பார்த்ததில்லை. பக்கத்துல நின்னு என்னென்ன கவனிக்கணும்னு வரிசையா சொன்னா உதவியா இருக்கும்.

#13 ஒத்தக்கடை டீசல்

பேட்டரி நெகட்டிவ் முதல்ல. கியர் ஆயில் இறக்கி, ரெண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் உருவி, கியர் கேபிள், செல்ஃப் மோட்டார் கழட்டி, எஞ்சினை மேலருந்து பீம் போட்டுத் தாங்கிக்கிட்டு கியர் பாக்ஸை இறக்குறது வழக்கமான வேலைதான், உங்க ஆளுக்குத் தெரியும். டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீலைப் புதுசா அடிச்சிருங்க. பெடலை மிதிச்சா ஆயில் அழுத்தத்துல கிளட்ச்சைத் தள்ளுற ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங் உள்ள ரிலீஸ் பேரிங்கோட சேர்ந்து இருக்கிற மாடலா இருந்தா அதையும் இப்பவே மாத்துங்க. கியர் பாக்ஸ் வெளிய இருக்கிற வரைக்கும் கிளட்ச் பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளிய வந்துரும்.

பிரஷர் பிளேட் போல்ட்டை ஒவ்வொண்ணா முழுசா கழட்டாம, எதிரெதிரா அரை சுத்து அரை சுத்தா விடணும். ஃபிளைவீலை ரிங் பல்லுல லாக் டூல் போட்டு நிறுத்திட்டு போல்ட்டை இளக்குங்க. டூயல் மாஸ் கனம் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு வரும். கடைசி போல்ட்டைக் கழட்டும்போது கீழ ஒரு ஆள் புடிக்கணும். பழைய போல்ட் ரெண்டைத் தலை வெட்டி எதிரெதிர் ஓட்டையில கைடா போட்டுக்கிட்டா இறக்குறதும் ஏத்துறதும் சுலபம்.

ஃபிளைவீல் இறங்கினதும் பின் சீல் தெரியும். கசிவு இல்லன்னாலும் மாத்துங்க. சீல்ல உதடு டெஃப்லான் வகையா இருந்தா ஆயிலோ கிரீஸோ தடவாம காய்ஞ்சபடியேதான் போடணும், கூட வர்ற பிளாஸ்டிக் வளையத்தை வச்சே தள்ளணும். பழக்கத்துல விரல்ல ஆயில் தொட்டுத் தடவிருவாங்க, கவனிங்க. போட்டதும் ஸ்டார்ட் பண்ணாம சில மணி நேரம் விடணும், உதடு கிராங்க் மேல படிஞ்சு உட்காரும்.

அப்படியே கிராங்கை முன்ன பின்ன நெம்பி டயல் கேஜ்ல ஆட்டம் பாருங்க. பெரும்பாலான கார்ல 0.1-லருந்து 0.3 மி.மீ. வரைக்கும் இருக்கும். அதை விட நல்லாத் தாண்டினா அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்துற த்ரஸ்ட் வாஷர் போயிருக்கு, புது கிளட்ச்சும் சரியாப் பிரியாது.

கிராங்க் முகத்துல துரு, பழைய லாக்டைட் பசை எதுவும் இருக்கக் கூடாது. புது ஃபிளைவீல் மேல துரு பிடிக்காம இருக்க ஆயில் பூசியிருப்பாங்க, பிரேக் கிளீனர்ல துணி நனைச்சுத் துடைங்க. டூயல் மாஸை பிரஷர் வாஷர்லயோ டீசல் தொட்டியிலயோ போடக் கூடாது. போல்ட் புதுசு. இது நீண்டு இறுகுற போல்ட், ஒருதடவைதான். கையால முதல்ல ஏத்தி, எதிரெதிரா டார்க் ரெஞ்ச்ல இறுக்கி, அப்புறம் டிகிரி திருப்பணும். ஃபோக்ஸ்வாகன் எஞ்சின்கள் பலதுல 60 நியூட்டன் மீட்டர், மேல 90 டிகிரி. உங்க வண்டிக்கு உங்க மேனுவல்ல இருக்கிறதுதான். இம்பாக்ட் கன் வேண்டாம். போல்ட் ஓட்டை கிராங்க்கேஸ் உள்ள வரைக்கும் திறந்திருக்கிற எஞ்சின்ல த்ரெட்ல சீலண்ட் போடணும், இல்லன்னா ஆயில் போல்ட் வழியா வந்து கிளட்ச்சை நனைக்கும்.

#14 புதூர் லேத்து

டயல் கேஜ் வச்சு முகத்தோட ரன் அவுட் (சுத்துறப்ப வர்ற கோணல்) பார்க்கிறப்ப கிராங்கை ஒரு பக்கமா அழுத்திப் புடிச்சுக்கிட்டே சுத்துங்க. இல்லன்னா அண்ணன் சொன்ன முன்ன பின்ன ஆட்டமும் அளவுல சேர்ந்துரும், நல்ல ஃபிளைவீலைக் கோணல்னு திருப்பி அனுப்புவாங்க. சுசுகி வண்டிகள்ல எல்லை 0.2 மி.மீ. அதைத் தாண்டினா ஃபிளைவீலைக் குறை சொல்றதுக்கு முன்ன கழட்டி கிராங்க் முகத்துல ஒரு பிசிறு நிக்குதான்னு பாருங்க.

#15 வடக்கு வெளி வீதி

கிளட்ச் செட் தானா அட்ஜஸ்ட் ஆகுற வகையா இருந்தா அதுக்குன்னு உள்ள டூல் இல்லாம போல்ட்டால இழுத்து உட்காரவைக்காதீங்க. உள் வளையம் நகர்ந்துரும், பெடல் கல்லு மாதிரி இருக்கும், கிளட்ச் பிரியாது. டூல் வாடகைக்கே கிடைக்கும். பிளேட்டுல ஃபிளைவீல் பக்கம்னு அடையாளம் இருக்கும், பார்த்துப் போடுங்க. பிளேட் நடுவுல இன்புட் ஷாஃப்ட் நுழையுற பல் வெட்டு, அதான் ஸ்ப்ளைன், அதுல கிரீஸ் லேசா ஒரு பூச்சு, மீதியைத் துடைச்சிருங்க.

#16 மேலூர் ரோடு

கியர் பாக்ஸ் ஏத்தும்போது பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ரெண்டையும் நேரா நிறுத்துற ரெண்டு டவல் (dowel) குழாய் இருக்கான்னு எண்ணிக்குங்க. கழட்டும்போது ஒண்ணு கியர் பாக்ஸ்ல ஒட்டிக்கிட்டுப் போகும், கழுவும்போது விழுந்துரும். அது இல்லாம ஏத்தினா கியர் பாக்ஸ் இம்மி கோணலா நிக்கும், இன்புட் பேரிங் பாடும். கியர் பாக்ஸ் வெயிட்டை பிளேட்டுல தொங்கவிடக் கூடாது. கடைசி அரை இஞ்ச் போகலன்னா போல்ட் போட்டு இழுக்காதீங்க. எங்கயோ முட்டுது, பின்னாடி எடுத்துப் பாருங்க.

#17 பழைய பெட்ரோல்

ஃபிளைவீல் மாத்தின பிறகு எஞ்சின் சுத்துது, ஸ்டார்ட் ஆகலன்னு ஒரு புகார் அடிக்கடி வருதே, அது எதனால?

#18 ஒத்தக்கடை டீசல்

கிராங்க் சென்சார் சில எஞ்சின்ல ஃபிளைவீல் பல்லையோ அதுல இருக்கிற தனி வளையத்தையோதான் படிக்கும். போல்ட் ஓட்டை சமமா இருக்கிற ஃபிளைவீலைத் திருப்பிப் போட்டுட்டா டைமிங் குறி வேற இடத்துக்குப் போயிரும். அதனால கழட்டும்போதே கிராங்க்லயும் ஃபிளைவீல்லயும் ஒரே கோட்டுல பெயின்ட் அடிச்சு, புதுசுலயும் அதே இடத்தைப் பார்த்து வைங்க. டவல் பின் இருந்தா இந்தக் கவலை இல்ல. இன்னொண்ணு, சென்சாரைக் கழட்டி மாட்டும்போது இரும்புத் தூள் ஒட்டியிருக்கும், அதுவும் காரணம். சென்சார் ஒயர் கியர் பாக்ஸுக்கு நடுவுல நசுங்கியிருக்கான்னும் பாருங்க.

#19 திருமங்கலத்தான்

டூயல் மாஸ், போல்ட் செட், பின் சீல், கிளட்ச் செட், ஸ்லேவ் சிலிண்டர், டாட் 4 பிரேக் ஆயில் எல்லாம் சேசிஸ் நம்பர் கொடுத்து ஆர்டர் போட்டாச்சு. ஸ்கேனர்ல மூணாவது சிலிண்டர் கரெக்‌ஷன் மத்ததை விட நல்லா விலகியிருக்கு. இன்ஜெக்டரையும் டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புறோம்.

#20 ஒத்தக்கடை டீசல்

இன்ஜெக்டர் திரும்பி வந்து மாட்டின பிறகுதான் புது ஃபிளைவீல்ல முதல் ஸ்டார்ட். அதுவரைக்கும் கியர் பாக்ஸ் ஏத்தி வச்சுட்டுக் காத்திருங்க.

#21 புதூர் லேத்து

பெல் ஹவுசிங் அடியில ஒரு தகடு மூடி இருக்கும். பாதி வண்டியில அது திரும்ப மாட்டப்படுறதே இல்ல, பட்டறை மூலையில கிடக்கும். மழைக்குக் கண்மாய்க்கரை ரோட்டுல போனா சேறு நேரா ரிங் பல்லுக்குத்தான் போகும். போல்ட் ரெண்டே ரெண்டு, மாட்டிருங்க.